வன்னியின் பல்கலைக்கழகங்களும் புதிய தொழில்நுட்பமும்: அரசு என்ன செய்யலாம்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் வன்னியில் படிப்பிக்கிறவன். கொஞ்சக் காலமாக மாங்குளம், நெடுங்கேணி, முழங்காவில் பக்கத்துப் பாடசாலைகளில் நடக்கும் பெற்றோர் கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். உயர்தரம் முடித்த பிள்ளைகளுக்கு வழிகாட்டத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஒரு கூட்டத்தில் ஒரு தாய் எழும்பி, "தம்பி, எல்லாத்தையும் மெசினே செய்யுமெண்டால் என்ர பிள்ளை நாலு வருசம் கம்பசிலை இருந்து என்ன செய்யிறது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்கே போனாலும் பேச்சு செயற்கை நுண்ணறிவில்தான் போய் நிற்கிறது. பெற்றோர் கேட்டவை, மாணவர் கேட்டவை, சக விரிவுரையாளர்கள் தேநீர் குடிக்கும்போது கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்து எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

வன்னியில் எத்தனை பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன?

தனிப் பல்கலைக்கழகம் என்றால் ஒன்று, பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகம். முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்தது. 2021 ஆகஸ்ட் 1 முதல் தனித்து இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. இவற்றில் விவசாய பீடத்தின் கதை எல்லாரும் தெரிந்திருக்க வேண்டியது. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரில் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்து, பிறகு சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்தது. பட்டம் இல்லாமல் தொழில் பயில விரும்புவோருக்கு அதே அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது.

பல்கலைக்கழகம் தன் பாட்டைத் தானே பார்க்கக் கூடாதா? அரசு ஏன்?

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ்தான் எங்கள் அரச பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன. பணம் திறைசேரியிலிருந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக வரும். ஒரு புதிய பதவியை உருவாக்க முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் ஆளணி அனுமதி தர வேண்டும். மாணவர் அனுமதிகூட எங்கள் கையில் இல்லை. 40 வீதம் நாடளாவிய திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று கொழும்பில்தான் பிரிக்கிறார்கள். வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருப்பவை.

அரச பல்கலைக்கழகங்களில் மாணவருக்குக் கட்டணம் இல்லை. அதைக் கட்டிக் காக்கத்தான் வேண்டும். கட்டணம் இல்லாததால் எங்களுக்கென்று பெரிதாக வருமானமும் இல்லை. ஆகவே அரசு அசைந்தால் நாங்கள் அசைவோம்.

அரசு கருவிகளை வாங்கித் தந்தால் போதாதா?

இதுதான் என் மனதை மிகவும் உறுத்தும் கேள்வி, ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

நான் பார்த்த ஓர் ஆய்வுகூடத்தில், எங்கே என்பது வேண்டாம், செயற்கை நுண்ணறிவு வேலைகளுக்கென்று ஒரு நல்ல சேர்வர் வந்தது. ஜிபியு எனும் வேகக் கணிப்பு அட்டைகள் இரண்டு பூட்டியது. வந்த அன்று எல்லாரும் படம் எடுத்தோம். எட்டு மாதத்தில் அந்த அறையின் குளிரூட்டி நின்றுவிட்டது. திருத்துவதற்கு மூன்று இடங்களில் விலைமனு எடுக்க வேண்டும், பராமரிப்புக்கு அந்த வருடம் ஒதுக்கிய பணம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. வைகாசி வெய்யிலில் காலை பதினொன்றுக்கே அந்தச் சேர்வர் சூடேறித் தானாக நின்றுவிடும். அங்கே தற்காலிகப் போதனாசிரியராக இருந்த பெடியன் வீட்டிலிருந்து ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து வைத்தான். கதவு மூடாமலிருக்க ஒரு செங்கல். பகலில் மாணவர் பாவிக்க முடியாதென்று, இரவு ஏழு மணிக்குப் பிறகு வரச் சொல்லி அட்டவணை எழுதி ஒட்டினான். அந்த ஏற்பாட்டிலேயே நான்கு மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வை முடித்தார்கள். பிறகு அவனுடைய ஒப்பந்தக் காலம் முடிந்தது. அவன் போன பிறகு அந்தச் சேர்வரை இயக்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லை. அவன் எழுதி வைத்துப் போன சி.ஆர். கொப்பி ஒன்று மட்டும் மேசையில் கிடந்தது.

அரசு தந்தது பெரிய தொகை. தராமல் விட்டது சின்னத் தொகை. குளிரூட்டியின் வருடாந்தப் பராமரிப்பு, யூபிஎஸ் பற்றரி, மென்பொருள் உரிமப் புதுப்பிப்பு, ஒரு நிரந்தரத் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் சம்பளம். மூலதனச் செலவு ஒரு கணக்கு, மீண்டெழும் செலவு இன்னொரு கணக்கு. வெளிநாட்டுக் கடனிலும் திட்ட நிதியிலும் வருவது பெரும்பாலும் முதலாவது கணக்குக்குத்தான். உலக வங்கியின் 10 கோடி டொலர் கடனில் 2017இல் தொடங்கிய உயர்கல்வித் திட்டம் பல பல்கலைக்கழகங்களுக்கு நல்ல வாய்ப்புகளைத் தந்தது. ஆனால் எந்தத் திட்டத்துக்கும் முடிவுத் திகதி ஒன்று உண்டு, கருவியோ அதற்குப் பிறகும் மின்சாரம் கேட்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒரு கருவிக்கு அனுமதி கொடுக்கும் அதே கடதாசியில், அதை இயக்கும் ஆளின் பதவிக்கும் ஐந்து வருடப் பராமரிப்புப் பணத்துக்கும் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்றும் இல்லாவிட்டால் கருவியை வாங்காமல் விடலாம். அந்தப் பணத்தில் வேறு நல்ல காரியம் செய்ய முடியும்.

அப்படியானால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஜிபியு வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. பெரிய கணிப்பு வேலைக்குப் பொதுவான ஒரு வளம் போதும். இந்தியா 2024 மார்ச்சில் 10,300 கோடி இந்திய ரூபாய்க்கு மேல் ஒதுக்கி ஒரு தேசியச் செயற்கை நுண்ணறிவுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆயிரக்கணக்கான ஜிபியுக்களை அரசு ஏற்பாடு செய்து ஆய்வாளருக்கும் சிறு நிறுவனங்களுக்கும் மானிய விலையில் வாடகைக்கு விடுவது அதன் முக்கியமான பகுதி. அமெரிக்காவும் அதே 2024 ஜனவரியில், அரச கணினிகளையும் தனியார் கம்பனிகளின் கணினிகளையும் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் பகிரும் முன்னோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

எங்களால் அந்த அளவுக்கு முடியாது. ஆனால் லேர்ன் என்ற வலையமைப்பு எங்கள் பல்கலைக்கழகங்களை ஏற்கெனவே ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கிறது. அதன் மேல் ஒரு பொதுக் கணிப்பு மையத்தை வைத்து, கொழும்பு மாணவனும் பம்பைமடு மாணவியும் ஒரே வரிசையில் நின்று நேரம் எடுக்கும்படி செய்யலாம். சின்ன பல்கலைக்கழகத்துக்கு இதில்தான் நியாயம் கிடைக்கும்.

இணைய வசதி இல்லாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வது?

2020இல் கொரோனா முடக்கத்தின்போது அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. லேர்ன் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்குச் சூம் வசதி கிடைத்தது. தொலைபேசி நிறுவனங்கள் பல்கலைக்கழகச் சேர்வர்களுக்குப் போகும் டேட்டாவுக்குக் காசு எடுக்கவில்லை. ரீலோட் போடக் காசில்லாத பிள்ளையும் வகுப்புக்கு வந்தது. அப்படியிருந்தும் என் மாணவன் ஒருவன் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் குடையோடு இருந்துதான் பாடம் கேட்டான், வீட்டில் சிக்னல் இல்லை. அந்தச் சலுகையை நிரந்தரமாக்க வேண்டும். முடக்கத்துக்கு மட்டும் உரியதாக அதை நினைத்திருக்கக் கூடாது. கோபுரம் இல்லாத கிராமங்களை மாவட்டச் செயலகங்கள் பட்டியலிட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்குக் கொடுப்பது இரண்டாவது வேலை.

செயற்கை நுண்ணறிவுக்குத் தமிழ் தெரியுமா?

தெரியும், ஆனால் அரைகுறையாக. அதற்கான காரணங்களில் சிலவற்றை அரசால் சரிசெய்ய முடியும்.

முதலில் என் வகுப்பறையில் நடப்பதைச் சொல்கிறேன். வன்னிப் பிள்ளை 13 வருடம் தமிழில் படித்துவிட்டு வருகிறது. விஞ்ஞான பீடத்துக்குள் காலடி வைத்த அன்றிலிருந்து எல்லாம் ஆங்கிலம். ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஒரு மாணவியின் கையேட்டைப் போன வருடம் பார்த்தேன். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கு மேலும் பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ். நெறிமுறை, மாறி, நிகழ்தகவு. 'கிரேடியன்ட் டிசென்ட்' என்ற தலைப்புக்கு மேலே 'படித்திறன் இறக்கம்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். "இது சரியா சேர்?" என்று கேட்டாள். உயர்தரக் கணிதத்தில் படித்த 'படித்திறன்' அவளுக்குக் கைகொடுத்திருக்கிறது. நான் ஒரு மணித்தியாலம் விளக்கியதை அவள் இரண்டு சொல்லில் பிடித்துவிட்டாள்.

அந்தப் 'படித்திறன்' தானாக வந்ததில்லை. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதுறையாகக் கலைச்சொல் தொகுதிகளை வெளியிட்டது. அதற்கும் நூறு வருடம் முன்னரே மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து நூல்களையும் ஆக்கினார். கணினியியலுக்கும் தரவு விஞ்ஞானத்துக்கும் அந்த மாதிரியான வேலையை அரசு இன்றைக்குத் திரும்பத் தொடங்க வேண்டும். பட்டத்தைத் தமிழில் கொடு என்று நான் கேட்கவில்லை. ஆங்கிலம் வேண்டும். ஆனால் முதலாம் வருடத்தில் கைபிடித்துக் கூட்டிப்போக இருமொழிக் கையேடு வேண்டும்.

இரண்டாவது, எழுத்துரு. எங்கள் அலுவலகங்களில் இருக்கும் பழைய ஆவணங்களில் பெருந்தொகை பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியவை. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி அதை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் சேமிக்கும். மனிதக் கண்ணுக்கு மட்டும் அது தமிழ். தேடுபொறிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் அது வெறும் குப்பை. அந்த ஆவணங்களையெல்லாம் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றி, சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பொதுவில் வெளியிட்டால், மொழிபெயர்ப்புக் கருவி கட்டும் ஆய்வாளருக்கு அதைவிடப் பெரிய கொடை இல்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் சிங்களம் தமிழ் இயந்திர மொழிபெயர்ப்பில் பல வருடங்களாக வேலை நடக்கிறது. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் தொண்டர்களின் உழைப்பில் சேர்த்து வருகிறது. அரசிடம் இருக்கும் தாள்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம்.

மூன்றாவது, செலவு. கணினியில் பரவலாகப் பாவிக்கும் குறியாக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'தமிழ்' என்ற சொல்லைக் கணினி த, ம, விசிறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியாக வைப்பதால், அதற்கே 15 பைட் போகிறது. சட்ஜிபிடி போன்றவற்றின் மொழி மாதிரிகள் சொற்களைத் துண்டாக்கும்போதும் தமிழ் கூடுதலான துண்டுகளாக உடைகிறது, துண்டுக் கணக்கில் காசு வாங்கும் சேவைகளில் தமிழில் கேட்பவர் கூடக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதைத் தீர்ப்பது ஆய்வாளர் வேலை. அந்த ஆய்வுக்கு நிதி ஒதுக்குவது அரசின் வேலை.

ஒப்படையை ஏ.ஐ. எழுதிக் கொடுத்தால் புள்ளி போடுவதில் என்ன அர்த்தம்?

சட்ஜிபிடி 2022 நவம்பர் 30இல் வந்தது. அடுத்த வருடமே எனக்குக் கிடைத்த ஒப்படைகளின் ஆங்கிலம் திடீரென்று பளபளத்தது.

கண்டுபிடிக்கும் மென்பொருளை வாங்குங்கள் என்று பலர் சொல்கிறார்கள். நான் அதற்கு எதிர். 2023இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபல் கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரம் எழுதியதாகச் சொல்லின. எளிய சொற்களில் நேராக எழுதுபவரைத்தான் அவை சந்தேகிக்கின்றன. அதாவது எங்கள் பிள்ளையளை. பென்சிலால் தமிழ் எழுதிப் படித்த அந்த மாணவிக்கு "நீ களவு செய்தாய்" என்று ஒரு மென்பொருள் சொல்ல நான் விடமாட்டேன்.

அவுஸ்திரேலியாவின் உயர்கல்வித் தர ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2024இல் நாட்டின் எல்லா உயர்கல்வி நிறுவனங்களிடமும், இந்தச் சவாலுக்கு உங்கள் செயற்திட்டம் என்ன என்று எழுத்தில் கேட்டது. தடை போடச் சொல்லவில்லை, திட்டத்தைக் கேட்டது. எங்கள் மானியங்கள் ஆணைக்குழுவும் அப்படிக் கேட்கலாம். வாய்மொழிப் பரீட்சையும் வகுப்பில் இருந்தே செய்யும் வேலையும் கூட வேண்டும். ஆனால் 120 பேர் உள்ள வகுப்பில் ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றாலும் 20 மணித்தியாலம் வரும். ஆகவே திரும்பவும் ஆளணியில்தான் வந்து நிற்கிறோம்.

புதிய பாடநெறி தொடங்க ஏன் வருடக்கணக்கில் இழுபடுகிறது?

துறை எழுதி, பீடச் சபைக்குப் போய், மூதவைக்குப் போய், பேரவைக்குப் போய், மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போகும். பட்டத்துக்கு இந்தக் கவனம் தேவைதான். ஆனால் தொழில்நுட்பம் மாறும் வேகத்துக்கு இது ஒத்துவராது. பட்டத்துக்குள்ளே தெரிவுப் பாடங்களையும் ஆறுமாதச் சான்றிதழ்களையும் மாற்றும் உரிமையைப் பல்கலைக்கழகத்திடமே முழுமையாக விட்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளியார் வந்து தரம் பார்த்தால் போதும்.

வயல்காரனுக்கு இதால் என்ன பயன்?

நிறைய. அமெரிக்கா 1862இல் ஒரு சட்டம் போட்டு, மாநிலங்களுக்கு அரச காணி கொடுத்து, அதை விற்ற பணத்தில் விவசாயமும் பொறியியலும் படிப்பிக்கும் கல்லூரிகளைக் கட்டச் செய்தது. 1914இல் இன்னொரு சட்டம் வந்து, அந்தக் கல்லூரிகளின் அறிவை வயலுக்குக் கொண்டுபோகும் விரிவாக்க சேவைக்குப் பணம் ஒதுக்கியது. புதிய தொழில்நுட்பத்துக்குப் பல்கலைக்கழகத்தைத் தயார்செய்த அரசு என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது இதுதான்.

இங்கே இரணைமடுவின் கீழ் நெல் விளைகிறது. அறக்கொட்டியான் பூச்சி அடித்தால் வட்டம் வட்டமாகப் பயிர் எரிந்துபோகும். கமக்காரன் வரம்பில் நின்று பார்க்கும்போது நடுவயலில் தொடங்கிய வட்டம் கண்ணில் படாது. ட்ரோனில் எடுத்த படத்தில் அது பளிச்சென்று தெரியும். 2018இல் நாட்டின் சோளத்தைச் சேனா படைப்புழு அரித்தபோதும், எங்கே தொடங்கி எந்தப் பக்கம் பரவுகிறது என்று நாளாந்தம் அறிவதுதான் பெரும் பாடாக இருந்தது. படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் மாதிரியை இறுதியாண்டு மாணவர்களே கட்டுவார்கள். ஆனால் ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் பாதுகாப்புத் தரப்பின் சம்மதமும் வேண்டும். கடிதம் போய் வருவதற்குள் கதிர் முற்றிவிடும். விவசாய, பொறியியல் பீடங்களுக்கு ஒவ்வொரு போகத்துக்கும் ஒரே தடவையில் அனுமதி கொடுக்கலாம். அரசுக்குச் சதம் செலவில்லை. அதோடு, குளங்களின் நீர்மட்டத்தையும் கமநல சேவை நிலையங்களில் உள்ள விதைப்புப் பதிவுகளையும் கணினியில் படிக்கக்கூடிய வடிவில் தந்தால் போதும்.

மன்னாரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே 30 காற்றாலைகள் 103.5 மெகாவாட் வரை மின் எடுக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் வேலைக்கு வன்னிப் பொறியியல் மாணவருக்குப் பயிற்சி இடம் ஒதுக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே அரசு எழுதலாம்.

படித்த விரிவுரையாளர்கள் வெளிநாடு போய்விடுகிறார்களே?

போகிறார்கள். 2022 நெருக்கடியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், என் நண்பர்கள் சிலரும் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. திரும்பி வரும் ஒருவருக்குக் கிளிநொச்சியில் பிள்ளையைப் படிப்பிக்க நல்ல பாடசாலையும் குடியிருக்க விடுதியும் சிறு ஆய்வு நிதியும் இருந்தால் வருவார். வராதவர்களும் இணையவழியில் இறுதியாண்டு ஆய்வுகளை இணைமேற்பார்வை செய்ய ஆயத்தமாக இருக்கிறார்கள். அதற்கான கொடுப்பனவு விதியைத் திருத்தினால் நாளைக்கே தொடங்கலாம்.

கம்பசுக்குப் போகாதவர்களுக்கும் வேலையில் இருப்பவர்களுக்கும்?

2018இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகம் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து, செயற்கை நுண்ணறிவின் அடிப்படைகளை யாரும் படிக்கக்கூடிய இலவச இணையப் பாடநெறியாக வெளியிட்டது. பின்லாந்து மக்களில் ஒரு வீதத்தினரைப் படிப்பிப்பது ஆரம்ப இலக்கு. பிறகு பின்லாந்து அரசின் ஆதரவோடு ஐரோப்பிய ஒன்றிய மொழிகளிலெல்லாம் வந்தது. சிங்கப்பூரில் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் படிப்பதற்கென்றே 500 சிங்கப்பூர் டொலர் வரவு வைத்தார்கள். தமிழில் அப்படி ஒரு பாடநெறியை வவுனியாவிலும் அறிவியல் நகரிலும் உள்ளவர்கள் சேர்ந்து எழுத முடியும். எழுதும் ஆறு மாதத்துக்கு அவர்களின் விரிவுரைச் சுமையைக் குறைத்தால் சரி.

மாணவர் தகவல்கள் வெளிநாட்டுக் கம்பனிக்குப் போகாதா?

போகக்கூடும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே கம்பனிகளோடு பேசாமல், எல்லாருக்கும் சேர்த்து அரசு ஓர் ஒப்பந்தம் செய்தால் விலையும் குறையும், நிபந்தனையும் இறுகும்.

அந்தத் தாயின் கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

மண்டபத்தில் சொன்னதையே எழுதுகிறேன். "அம்மா, மெசின் சொல்லுறது சரியோ பிழையோ எண்டு பார்க்கத் தெரிஞ்ச ஆள் வேணும். அதுக்குத்தான் நாலு வருசம். பிள்ளையைக் கணிதத்தை விடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஆங்கிலத்தையும் விடவேண்டாம். தமிழிலை விளங்கிப் படிக்கிறதையும் விடவேண்டாம்."

இதற்கெல்லாம் பணம்?

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது. நாடு இன்னும் அதற்குக் கிட்டவும் போகவில்லை. ஆனால் மேலே நான் கேட்டவற்றில் ட்ரோன் அனுமதி, ஒருங்குறி ஆவணங்கள், பாடநெறி மாற்றும் உரிமை, இணைமேற்பார்வை விதி ஆகியவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை. பணம் வேண்டியவற்றில் எனக்கு முதலாவது, தொழில்நுட்ப உத்தியோகத்தர் பதவிகள்.

பெற்றோர் நாங்கள் யாரிடம் என்ன கேட்கலாம்?

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு உங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் வருவார்கள். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, கூட்டத்துக்கு முன்னமே அவர்கள் கையில் கொடுங்கள். மூன்று கேள்வி போதும். எங்கள் மாவட்டத்துப் பீடங்களில் எத்தனை தொழில்நுட்ப உத்தியோகத்தர் பதவிகள் வெற்றிடமாக இருக்கின்றன? கடந்த ஐந்து வருடத்தில் வந்த கருவிகளில் எத்தனை இன்றைக்கு வேலை செய்கின்றன? இந்த வருடப் பராமரிப்புப் பணம் எந்த மாதம் வரும்? பதிலை எழுத்தில் கேளுங்கள்.